முன்சீட்டில் பூசைக்கூடை

பழி தீர்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பவர்கள் சற்று அருகில் வந்து உட்காருங்கள். கதை உங்களுக்குத்தான். முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தாராபுரத்துக்குக் கிழக்கே முருங்கைத் தோட்டம் வைத்திருந்தவர் ரத்தினசாமி. அவர் மனைவி தெய்வானை. பக்கத்துத் தோட்டம் அவருடைய அண்ணன் சென்னியப்பனுடையது. அண்ணனிடம்தான் பிக்கப் வண்டி இருந்தது. காய் மூட்டை சந்தைக்குப் போவதும், பங்காளிகள் குலசாமி கோயிலுக்குப் போவதும் அதில்தான்.

ஒரு வருஷம் கிடாவெட்டுக்குக் கிளம்பும்போது தெய்வானையின் சின்ன மகள் மிருதுளாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"பிள்ளையை மட்டும் முன்னாடி வெச்சுக்குங்க மாமா" என்று கெஞ்சினாள் தெய்வானை.

சென்னியப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முன்னாடி பூசைக்கூடை இருக்குது. சாமி சாமானை நனைக்கச் சொல்றியா?"

அவர் மனைவி ருக்மணி அந்தக் கூடையை எடுத்து மடியில் வைத்திருந்தால் போதும், ஒரு குழந்தைக்கு இடம் கிடைத்திருக்கும். மகராசி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

திறந்த பின்பக்கத்தில் கிடாயோடு கிடாயாகப் பிள்ளை நனைந்தது. காய்ச்சல் முற்றி, காதில் சீழ் பிடித்து, இடது காது அடியோடு போயிற்று. அன்றைக்குப் பற்றிய வயிறு தெய்வானைக்கு அணையவே இல்லை.

மிருதுளா வளர்ந்து கல்லூரிக்குப் போனாள். பஸ்ஸோ, பந்தியோ, சினிமாக் கொட்டகையோ, எங்கே போனாலும் இடது ஓரத்து இடத்தை முதலில் பிடித்துவிடுவாள். பேசுகிறவர்கள் வலப்பக்கம் இருந்தால்தானே கேட்கும்? அதில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

இதற்கிடையில் சென்னியப்பனுக்குக் கண் மங்கியது. வண்டியை விற்றுவிட்டார். இனி ரத்தினசாமி வீட்டில் ஒரு வண்டி வாங்கியே ஆக வேண்டும். அவர் பிக்கப் என்றார். தெய்வானை சின்ன கார் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடுமாமுங்க அந்தக் கார்."

"முருங்கைக்காயை மடியில வெச்சுக்கிட்டா சந்தைக்குப் போறது?"

"அதுக்கு வாடகை வண்டி இருக்குதுங்க."

மைலேஜ் எல்லாம் வாய்ப்பேச்சு. அந்த வம்சத்தில் புது வண்டி முதலில் குலசாமி கோயிலுக்குப் போக வேண்டும். மூத்த பங்காளியான சென்னியப்பன் கூடவே வந்து தேங்காய் உடைக்க வேண்டும். தெய்வானை தன் அப்பனையும் ஆத்தாளையும் ஏற்றிவிட்டால் சின்ன கார் நிறைந்துவிடும். "எடமில்லீங்களே மாமா" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் தெய்வானை அத்தனை மல்லுக்கு நின்றாள். ரத்தினசாமியும் தலையாட்டிவிட்டார்.

கார் பார்க்கப் போன இடத்தில், வெளியே வெயிலில் ஒரு பிக்கப் நின்றிருந்தது. பின்பக்கத் தகரத்தில் தெய்வானை சும்மா கை வைத்தாள். சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். காரில் இடமில்லை என்றால் அவர்கள் பஸ் ஏறிச் சொகுசாக வந்துவிடுவார்கள். இதில் என்றால்?

"ஏனுங்க, நீங்க சொன்னதே சரி. இதையே வாங்கிப்போடலாம்" என்றாள்.

பெண்டாட்டி தன் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று ரத்தினசாமி, பாவம், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கோயிலுக்குக் கிளம்பும் நாள் வந்தது. சித்திரை வெயில். கஞ்சி போட்ட வேட்டியில் சென்னியப்பனும், பட்டுச் சேலையில் ருக்மணியும் வந்து நின்றார்கள். மிருதுளா முன்சீட்டில் ஏறியிருந்தாள். அவள் பக்கத்தில் கூடையை வைத்துவிட்டுத் தெய்வானை திரும்பினாள்.

"முன்னாடி பூசைக்கூடை இருக்குதுங்க மாமா. பின்னாடி ஏறிக்குங்க."

சென்னியப்பனின் முகம் கறுத்துவிட்டது. போகாவிட்டால் தேங்காய் உடைக்கும் உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். கிடாய்க்குப் பக்கத்தில் ஏறினார். ருக்மணியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். தெய்வானைக்கு அடிவயிறு வரைக்கும் குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மிருதுளா முன்சீட்டிலிருந்து இறங்கினாள். "நானும் பின்னாடியே வர்றேம்மா." ஏறி உட்கார்ந்து, தன் இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். "இப்படி வாங்க பெரியம்மா."

பெற்ற மகளே காலை வாரிவிட்டாளே! மகள் விட்ட இடத்தில் ஏறிய தெய்வானை, வழியெல்லாம் பின்கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ருக்மணி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். மிருதுளா ரோட்டைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது, பைத்தியக்காரி! தெய்வானை பல்லைக் கடித்தாள்.

கோயிலில் இறங்கியதும் சென்னியப்பன் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இப்ப வயிறு குளுந்துச்சா தெய்வானை? சரிக்குச் சரி ஆயிப்போச்சு" என்று சொல்லி நிமிர்ந்து நடந்தார்.

ருக்மணி மிருதுளாவின் எதிரே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "இத்தனை வருஷம் நெஞ்சுல கெடந்ததையெல்லாம் சொல்லிப்போட்டேன். நீ ஒண்ணுமே சொல்லலியே கண்ணு?"

"அடடா, பேசிட்டா வந்தீங்க பெரியம்மா?" என்றாள் மிருதுளா. "அந்தப் பக்கம் எனக்குக் கேக்காதுங்களே."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். காரை விட்டுப் பிக்கப்பை வாங்கி, மூத்தவர்களைக் கிடாயோடு ஏற்றிய தாயா? தானாகப் போய் அவர்களோடு உட்கார்ந்த மகளா? பழியை முழுசாகத் தீர்த்தது யார்?

விடை: மகள்தான். தாய் கொடுத்த தண்டனை வண்டி நின்றதோடு முடிந்தது. அதை அனுபவித்த சென்னியப்பன் தன்னைத் தானே விடுதலை செய்துகொண்டு போய்விட்டார். மகள் கதையோ வேறு. எங்கே போனாலும் ஆட்களை வலப்பக்கம் வைத்துக்கொள்கிறவள், அன்றைக்கு மட்டும் பெரியம்மாவைக் கூப்பிட்டு இடப்பக்கம் உட்கார வைத்தாள். அது மறதியா? ருக்மணி நெஞ்சைப் பிளந்து சொன்ன மன்னிப்பு, அவர்களே கெடுத்த காதில்தான் போய் விழுந்தது. இனி அதை முதலிலிருந்து, வலப்பக்கம் வந்து சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் இடம் கொடுப்பதும் கொடுக்காததும் மிருதுளாவின் இஷ்டம்.