பத்தடி தள்ளிப் பார்த்த யானைப் படம்

தேரிக்குளம் மேலத்தெருவில் இசக்கிமுத்து வீட்டில் மூளைக்காரி என்று பெயரெடுத்தவள் அவன் பெண்டாட்டி வடிவு. பெயரை வைத்ததும் அவளேதான். அந்த வீட்டில் மற்றவர்கள் எப்படி என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்த வீட்டுக்கு ஒரு த்ரீடி டிவி வந்தது. இசக்கிமுத்துவின் அக்கா செண்பகத்தின் புருஷன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. கொடுக்கும்போதே செண்பகம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மதியம் வருவேன். படத்துல உள்ளது வெளிய வரணும். வரலேன்னா டிவிய வண்டில ஏத்திருவேன். உங்க கைல எந்தச் சாமான் உருப்பட்டுச்சு?"

வடிவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் மதினி தந்த மிக்ஸியைக் குளத்தில் ஊறவைத்துக் கழுவியது உண்மைதான். அதற்காக இப்படியா பேசுவது? டிவியை விடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். புருஷன் தலையில்.

டிவியை மாட்ட வந்த மெக்கானிக் பொறுமையான மனுஷன்.

"இது ரெண்டு படம் காட்டும்மா. ஒண்ணு இடது கண்ணுக்கு, ஒண்ணு வலது கண்ணுக்கு. இந்தக் கண்ணாடி அதது படத்த அதது கண்ணுக்கு மட்டும் விடும். ரெண்டையும் மூளை சேத்துக்கிடும். அப்ப அச்சு அசலா வெளிய வரும். பத்தடி தள்ளி உக்காரணும்."

ஒரு யானைப் படத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டு, போகிறபோக்கில், "இந்த டிவி செய்யறதயே இப்ப நிறுத்திட்டாங்க. வீட்ல எவன் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஆடாம அசையாம உக்காருவான்?" என்றார்.

"நாங்க உக்காருவோம்," என்றாள் வடிவு.

பெட்டியில் இருந்தது இரண்டு கண்ணாடி. பல் முளைக்கிற பிள்ளை ஒன்றைக் கடித்தே தீர்த்திருந்தது. மிச்சம் ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு கூடிப் பேசினார்கள்.

"ஒரு கண்ணாடி, மூணு பேரு," என்றான் இசக்கிமுத்து.

"படம் ரெண்டுதான? கண்ணாடிய ரெண்டா வெட்டுங்க," என்றாள் வடிவு. "இடது கண்ணு உங்களுக்கு, வலது கண்ணு கொழுந்தனுக்கு. எனக்கு ஒரு கண்ணு அடுப்புல, ஒரு கண்ணு பிள்ளை மேல. டிவிக்குன்னு மிச்சக் கண்ணு இல்ல."

வெட்டினார்கள். கொழுந்தன் ஆவுடையப்பன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "தட்டையாத்தான் தெரியுது மைனி."

"மூளை சேரணும்னாருல்லா? நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூளைய வச்சுக்கிட்டு இருந்தா எப்படிச் சேரும்?"

அதுவும் நியாயம்தான். இரண்டு தலையையும் ஒட்ட வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். அதன்பிறகு ஒருவனுக்குத் தாகமெடுத்தால் இருவரும் எழுந்து போனார்கள்.

அறையோ எட்டடி. மெக்கானிக் சொன்னது பத்தடி. பெஞ்சைத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டதும் அளவு சரியாக வந்தது.

அடுத்த கவலை ஆவுடையப்பனுக்கு. "வாசல் மூணடி. யானை வந்து சிக்கிக்கிட்டா?"

கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தார்கள். உள்ளேயே நின்றுவிடாமல் யானை வெளியே வரட்டும் என்று வாசலில் ஒரு கட்டு கரும்புத்தோகையும் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை செண்பகம் வந்தாள். தெருவில் தலையோடு தலை கட்டிக்கிடந்த தம்பிகளைப் பார்த்தாள். சரிதான் என்று தலையாட்டினாள். அவளும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. யானை நின்றது, காதை ஆட்டியது, டிவிக்குள்ளேயே இருந்தது. செண்பகம் வண்டிக்காரனுக்குப் போன் போடக் கைப்பையைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து டிவி பக்கத்திலிருந்த கொல்லைக் கதவுத் திரை அசைந்தது. தோகை வாசத்துக்குக் கொட்டகையில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த வீட்டுச் செவலைப் பசு, டிவியை உரசிக்கொண்டு வாசலுக்கு வந்து, செண்பகத்தின் கால் அருகில் தோகையை இழுத்து மெல்லத் தொடங்கியது.

"வந்துட்டு!" என்று தம்பிகள் ஒரே தலையாகக் கத்தினார்கள்.

"யானைன்னுதான சொன்னீங்க? இது மாடு," என்றாள் செண்பகம்.

"பாதிப் பாதிக் கண்ணாடி மதினி," என்றாள் வடிவு. "அதுல இந்த அளவுக்குத்தான் வரும்."

"நம்ம செவல மாதிரியே இருக்கே," என்றான் இசக்கிமுத்து.

"அதான் அச்சு அசலா வரும்னு மெக்கானிக் அன்னைக்கே சொன்னாருல்லா."

செண்பகம் மாட்டைத் தடவிப் பார்த்தாள். யோசித்தாள். "டிவி என் புருஷன் குடுத்தது. அப்ப அதுல இருந்து வந்த மாடு எனக்குத்தான். டிவிய நீங்களே வச்சுக்கிடுங்க." வண்டியில் டிவிக்குப் பதில் மாடு ஏறியது. வடிவு சிரித்த முகமாக நின்று கையசைத்து வழியனுப்பினாள். எப்படியோ டிவி தப்பியது!

சாயங்காலம் பால் கறக்கச் சொம்போடு கொட்டகைக்குப் போனவள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏங்க, நம்ம செவலையக் காணோம்!"

இரண்டு தலையும் சேர்ந்து வெகுநேரம் யோசித்தன. கடைசியில் ஆவுடையப்பன் சொன்னான்: "மைனி, உள்ள இருந்து ஒண்ணு வெளிய வந்துச்சுல்லா? அதான் நம்ம மாடு அந்த இடத்துக்கு உள்ள போயிருக்கு."

வடிவுக்கு உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலம் ஐந்து மணியானால், டிவி முன்னால் வைக்கோல் போட்டு, அடியில் சொம்பை வைத்துவிட்டு, கறக்க விடுமா உதைக்குமா என்ற யோசனையில் பத்தடி தள்ளியே உட்கார்ந்திருக்கிறாள்.