வாயில்லாத பெட்டியும் துணிக்கொடியும்

டொக். டொக். டொக்.

நம்ம கதவு இல்ல கண்ணு. கதைக்குள்ள கேக்குற சத்தம். கண்ணை மூடு, சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு பெட்டி இருந்துச்சு. ரேடியோப் பெட்டிதான், ஆனா வாயே கிடையாது. குஞ்சரம்னு ஒருத்தி அதோட மண்டையில குட்டிக்கிட்டிருந்தா. அதான் டொக் டொக்.

"ஏன்டி செங்கமலம், புடவை வேணுமா பெட்டி வேணுமான்னு கேட்டா, புடவைன்னு சொல்ல உனக்கு நாக்கு வரலியா?"

செங்கமலம் ரயில்வே காலனியில வீடு வீடாத் துணி துவைக்கிறவ. குஞ்சரம் அவளுக்கு நாத்தனார். காலனியில ஒரு இன்ஜினீயர் வீட்டு அலமாரியில இந்தப் பெட்டி இருந்துச்சு. அதைத் திருகினா வீடே பாடும். செங்கமலம் துணி அலசிக்கிட்டே கேப்பா. அப்புறம் அவங்க மாத்தலாகிப் போனப்போ, அந்த வீட்டம்மா புடவையா பெட்டியான்னு கேட்டாங்க. இவ பெட்டின்னுட்டா. ம்?

"ம்."

கொண்டுவந்து கரண்டுல சொருகினா, வெளிச்சம் வந்துச்சு. கண்ணாடிக்குள்ள பச்சையா, நம்பரெல்லாம் மினுக்மினுக்னு. ஓரத்துல ஒரு குட்டி ஊசி. சத்தம் மட்டும் ம்ஹும்.

"ஊமையைத் தூக்கிட்டு வந்திருக்கா! வெள்ளிக்கிழமைக்குள்ள இது பேசலன்னா பழைய இரும்பு வண்டியில நானே தூக்கிப் போடுவேன்."

"என் உழைப்புக்கு வந்த பெட்டி அண்ணி. போடுங்க பாக்கலாம்."

அப்புறம் ரேடியோ ரிப்பேர் தைரியநாதன் வந்தான். கர்க் கர்க்னு ஸ்குரூவக் கழட்டி எட்டிப் பாத்தான். "ஸ்பீக்கரே இல்லியேக்கா! எவனோ உருவிட்டான்."

"யாரும் உருவல. அந்த வீட்டுல பாடுச்சு, என் காதால கேட்டேன்."

"அப்ப அந்த வீட்டுக்கே போய்க் கேளு."

அப்புறம் பழைய இரும்புக்காரன் வந்தான், கிணிங் கிணிங். "பேசலன்னா என்னம்மா, உடம்பு தகரம்தானே, குடு"ன்னு கை வச்சான். செங்கமலம் துணி அடிக்கிற கட்டையைத் தூக்கினா பாரு! கிணிங் கிணிங் கிணிங், தெருமுனை வரைக்கும் ஓட்டம். சிரிக்கிறியா? தூங்கு.

அந்த இன்ஜினீயர் வீட்டுல பெட்டிக்குப் பின்னாடி ஒரு ஒயர் மொட்டைமாடிக்குப் போகும். அதே மாதிரி செங்கமலமும் ஒரு ஒயரைத் துணி காயப்போடுற இரும்புக் கம்பியில கட்டியிருந்தா. வியாழக்கிழமை திருகுறா, திருகுறா, ஒரு இடத்துல ஊசி விசுக்னு எந்திரிச்சு நின்னுச்சு. போகட்டும்னு ஈரப் போர்வையைக் கம்பியில போட்டா. ஊசி தொப்புனு விழுந்துச்சு. எடுத்தா, விசுக். போட்டா, தொப்பு. எடுத்தா?

"...விசுக்."

ஆங். அப்போதான் அவளுக்கு வெளிச்சமாச்சு. கம்பி வழியா இது எதையோ கேக்குது! அந்த வீட்டுக் கூடத்து மூலையில ரெண்டு மரப்பெட்டி நின்னுச்சே, தினமும் பாத்தோமே, சத்தம் வந்தது அதுலருந்துல்ல? "அவங்க வாயைக் கொண்டுபோயிட்டாங்க. காதை எனக்குக் குடுத்துட்டாங்க."

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுல காதுகுத்து. விளக்குக் கம்பத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டி, நிழலா இருக்குன்னு மைக்செட்டு சூசை தன் ஆம்ப்ளிபையரை இவ வாசப்படியிலதான் வச்சிருந்தான். அந்தப் பக்கம் குஞ்சரம், இரும்புக்காரனை வண்டியோட கூட்டிக்கிட்டு வந்து தயாரா நிக்கிறா.

"சூசைண்ணே, இந்தப் பெட்டியை உங்களுதுல கோத்து விடுங்க."

"போம்மா. என் செட்டு புகைஞ்சிரும்."

"புகைஞ்சா ஆயுசுக்கும் உங்க வீட்டுத் துணி என் பொறுப்பு."

"எங்க வீட்டுல ஒன்பது பேரு."

"ஒன்பது பேரு துணியும். கோத்து விடுங்க!"

கோத்தான். கொர்ர்ர்... உய்ய்ங்... புஸ்ஸ்... குஞ்சரம் வாயைப் பொத்திச் சிரிச்சா. செங்கமலம் ஓடிப்போய்க் கம்பியில கிடந்த ஈரத்துணியெல்லாம் சரசரன்னு உருவிட்டு வந்து, குமிழை ஒரு முடி அளவு திருகினா. விசுக்!

"நேயர்களே, இப்போது நேரம் காலை பத்து மணி."

தெரு முழுக்க! மடியில வீல்னு அழுத காதுகுத்துக் குழந்தை கப்னு நிறுத்திடுச்சு. இரும்புக்காரன் வண்டியைத் திருப்பினான். செங்கமலம் மைக்கைக் கையில எடுத்தா.

"யாரு ஊமை, அண்ணி?"

குழாய் வழியா அது காலனி வரைக்கும் கேட்டுச்சாம்.

"போதும்டி, மானத்தை வாங்காத. பெட்டி உன்னோடதுதான், வச்சுக்க!"

அப்புறம் சாயங்காலம் சூசை எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான். பெட்டி மறுபடி கப்சிப். ஆனா பச்சை வெளிச்சத்துல ஊசி நிமிந்து நின்னுச்சு. வாய் இல்லன்னா என்ன, யாரோ எங்கயோ பேசுறதைக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. செங்கமலம் அதையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் அந்தக் கம்பியைக் காலியா விட்டுட்டு, பக்கத்துல ஒரு கயிறு கட்டி, வாளித் துணியை ஒவ்வொண்ணாப் பிழிஞ்சு, படார்னு உதறிக் காயப்போட ஆரம்பிச்சா.

கதை கொடியேறிருச்சு, கண்ணும் காதும் மடிச்சு வச்சுட்டுத் தூங்கு.