பல்லைக் காட்டச் சொன்ன ஆணை

"என் எருமை செத்துப்போச்சுன்னு சொல்றேன், நீ பல்லைக் காட்டுறே?"

"அரசர் ஆணை தாயி," என்றான் சனங்களின் குறைகளை மனுவாக வாங்கும் மனுச்சாலையில் ஓலை எழுதும் ஏகாம்பரம், சிரித்துக்கொண்டே.

"உன் வீட்டுல எழவு விழுந்தா நானும் வந்து சிரிக்கட்டுமா?" என்று மனுக் கொடுக்க வந்த பூவாத்தா கேட்டாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. சுருங்கிய முகத்துக்கு வேலை போய்விடும், சட்டம் அப்படி.

முன்னொரு காலத்து அரசர்தான். எந்த ஊர் என்று நான் சொல்லமாட்டேன். மனுச்சாலைக்காரர்கள் முகத்தில் உற்சாகமே இல்லை என்று அவருக்கு ஒருநாள் மனக்குறை. உடனே மந்திரி சோமநாதர் ஓதினார்: "அரண்மனைச் சோறு உண்போர் அனைவரும் பணி நேரத்தில் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என ஆணையிடுங்கள் பிரபு. விகடன் தாண்டவன் கண்காணிக்கட்டும். சிரிக்காத ஒருவனை விட்டுவைத்தாலும் தாண்டவனையே நாடு கடத்துவோம்." தமக்கு ஆகாத விகடனை ஒழிக்க மந்திரிக்கு வேறு வழி தெரியவில்லை பாருங்கள்.

ஏகாம்பரத்தின் முகத்தைத் தாண்டவன் பார்த்துவிட்டான். "ஓய், பொழுது சாயும்வரை உமக்குத் தவணை. முதலில் மேலிடத்தில் ஆணையை நடத்திவிட்டு வருகிறேன்," என்றான்.

மேலிடத்தில் அரசருக்குக் கடைவாய்ப் பல்வலி. கன்னம் பணியாரமாக உப்பியிருந்தது. வைத்தியர் இளித்தபடி குறடோடு வந்தார். கவரி வீசுகிறவள் இளித்தாள். ஈட்டிக்காரர்கள் வரிசையாக நின்று இளித்தார்கள்.

"என் வேதனை உங்களுக்கு வேடிக்கையா?" என்று உறுமினார் அரசர்.

"தங்கள் முத்திரை பதிந்த ஆணை, பிரபு," என்றான் தாண்டவன். "மந்திரியார் ஒருவர்தாம் முகம் சுளித்து நிற்கிறார். அவர் உண்பதும் அரண்மனைச் சோறுதானே, வேலையை விட்டு நீக்கட்டுமா?"

சோமநாதர் அவசரமாகப் பல்லை இளித்தார். அந்தக் கோலத்தைக் கண்டு அரசர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே குலுங்கிச் சிரித்துவிட்டார்.

"மனுச்சாலைக்காரர்கள் முகம் மலர வேறு என்னதான் செய்வது, தாண்டவா?"

"அவர்களையே கேளுங்கள், பிரபு. இதுவரை யாரும் கேட்டதில்லை."

ஏகாம்பரத்தை அழைத்துக் கேட்டார்கள்.

"கூரை ஒழுகுது சாமி. ஓலை நனைஞ்சா சனங்க மறுபடி அலையணும், திட்டு எங்களுக்கு. ஆறு வருசமா மந்திரிகிட்ட சொல்றோம்."

ஒரு கூரை, அவ்வளவுதான். அதை வேய ஆள் அனுப்பத் துப்பில்லை, சிரிப்பை அளக்க மட்டும் ஆள் போட்டார்களாம். கேட்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது.

ஆணையோலை அடுப்புக்குப் போயிற்று. கூரை வேய்ந்தார்கள். தாண்டவனுக்கு அரசர் தம் கைக் கடகத்தையே கழற்றிக் கொடுத்தார். சோமநாதர் காசிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, மாமனார் வீட்டோடு தங்கிவிட்டார். வேலை தப்பிய ஏகாம்பரத்துக்கு, அவன் பலமுறை பெண் கேட்டும் அதுவரை பிடிகொடுக்காத உப்பு வியாபாரி தன் மகளைக் கொடுத்தார். தையில் கல்யாணம், பந்தியில் நானும் உட்கார்ந்தேன்.