படித்தது ஒன்று, அழித்தது இரண்டு

குருவுக்கு முப்பத்தொரு வயது, சீடருக்கு நாற்பத்தெட்டு. சிரிக்க வேண்டாம். கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்கிற அந்த நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் அப்படித்தான் அமைந்துவிட்டது.

சீடர் திருமலைசாமி பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். அதை இழுத்து மூடியதும் இங்கே வந்து டிரைவர் எழுதப் பழகினார். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுவது அல்ல. இயங்குதளத்தின் உள்கருவான கர்னலில் உட்கார்ந்துகொண்டு, கணினி சொல்வதை இயந்திரத்துக்கும் இயந்திரம் சொல்வதைக் கணினிக்கும் கொண்டுசேர்க்கிற நிரல். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் மெஹ்ராஜ். பாடமெல்லாம் நடத்த மாட்டாள். கேள்வி கேட்டால் எதையாவது செய்து காட்டுவாள், பிறகு டீ குடிக்கப் போய்விடுவாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருமலைசாமி அவள் மேஜை அருகே வந்து நின்றார். முகம் சரியில்லை.

"பார்த்தா ஒழுங்கா ஓடுதுங்க. பார்க்காட்டி நிக்குதுங்க. பார்க்காத மாதிரி எப்படிங்க பார்க்கறது?"

அவர் சொன்னது பம்ப்பை. நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுகிற பம்ப். சோதனை மேஜையில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் மோட்டார் ஒரு நொடி நின்றது. ஒரு நொடிதானே என்று விட முடியாது. குழாயின் அந்த முனையில் நாளைக்கு யார் படுத்திருப்பார்களோ?

காரணத்தைக் கண்டுபிடிக்க, திருமலைசாமி முதலில் டிரைவரில் அடிக்கொரு இடத்தில் 'இங்கே வந்தேன், இதைச் செய்தேன்' என்று திரையில் எழுதும் வரிகளைச் சேர்த்தார். மூன்று நாள் மோட்டார் நிற்கவே இல்லை. வரிகளை எடுத்தார். அன்று மத்தியானமே நின்றது.

தன் நிரலை ஏழு முறை வரிவரியாகப் படித்துவிட்டார். தப்பில்லை. அப்படியானால் தப்பு பம்ப்புக்குள் இருக்கும் மின்பலகையில்தான் என்று செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சொல்லிவிட்டார். அதை வடிவமைத்தவன் ஜெபஸ்டின், முதல் மாடியில் இருப்பவன். இன்று நாலு மணிக் கூட்டத்தில் பலகையைத் தள்ளிவிடுவார்கள், கூடவே அவன் வேலையும் போகும். அது அவனுக்கும் தெரிந்துவிட்டது. காலையில் லிஃப்டில் பார்த்தபோது, "வணக்கம் சார்" என்று எப்போதும் போலத்தான் சொன்னான். அதுதான் திருமலைசாமிக்கு உறுத்தியது.

"வாங்க சார்," என்று மெஹ்ராஜ் எழுந்தாள்.

படிக்கட்டில் இரண்டாவது மாடிக்குக் கூட்டிப்போனாள். இரண்டாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்குப் பதினெட்டுப் படி. அதில் பன்னிரண்டாவது படியைக் கொத்தனார் உயரமாக வைத்துவிட்டான் என்பது திருமலைசாமியின் நெடுநாள் புகார். தினமும் அங்கே தடுக்கும். தினமும் கொத்தனாருக்குத் திட்டு விழும்.

"ஒவ்வொரு படியிலயும் எந்தக் கால்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே ஏறுங்க."

"ஒன்னு, வலது. ரெண்டு, இடது..."

ஏறி முடித்தார்.

"தடுக்குச்சுங்களா?"

"இல்லீங்க." திரும்பிப் படிகளைப் பார்த்தார். "சொல்லிக்கிட்டே ஏறினா நடை மெதுவாயிருதுங்க. அப்புறம் எங்கீங்க தடுக்கும்?"

மெஹ்ராஜ் உள்ளே போனாள். சோதனை முடிந்த பெட்டிகளில் குறி போடுகிற சாக்பீஸ் ஒன்றை எடுத்து வந்தாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, அடிப்பக்கத்தில் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தாள்.

"செருப்பைக் கையில எடுத்துட்டுக் கீழ போயி, அங்க மாட்டிட்டு ஏறி வாங்க சார். வரும்போது படியை நினைக்காதீங்க. உங்க பொண்ணுக்கு ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருக்குதுன்னு சொல்லிட்டே வாங்க."

அது அவருக்குப் பிடித்த பேச்சு. சாம்பார் தண்ணீராக இருப்பதைச் சொல்லி, சப்பாத்தியின் கொடுமைக்கு வந்தபோது தடுக்கியது.

"பார்த்தீங்களா! கொத்தனார்..."

"குனிஞ்சு பாருங்க சார்."

படிகளில் வெள்ளைத் தடங்கள். ஒன்பதில் இருந்தது. பத்தில் இருந்தது. பன்னிரண்டின் விளிம்பில் ஒரு இழுப்பு. பதினொன்றில் ஒன்றுமே இல்லை.

"பதினொன்னை மிதிச்சீங்களா?"

"மிதிச்சேனுங்க. நான் எல்லாப் படியும் மிதிச்சுத்தானுங்க ஏறுவேன்."

மெஹ்ராஜ் டீ குடிக்கப் போய்விட்டாள்.

பதினொன்றைத் தாண்டிய கால்தான் பன்னிரண்டில் தடுக்கியிருக்கிறது, சாக்பீஸ் நடையை மெதுவாக்காமலே அதைக் காட்டிவிட்டது என்று திருமலைசாமிக்குப் புரிந்தது. பிறகு மேஜைக்கு வந்து, டிரைவரில் டிரேஸ் ஈவென்ட்களைச் சேர்க்க ஆரம்பித்தார். திரையில் எழுதும் வரி, தான் அச்சாகி முடியும்வரை எல்லோரையும் நிறுத்தி வைக்கும். டிரேஸ் ஈவென்ட் அப்படியில்லை. நேரத்தையும் ஒன்றிரண்டு எண்களையும் நினைவகத்தின் மூலையில் போட்டுவிட்டு ஓடிவிடும். அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

பத்தரை மணிக்குள் ஒன்பது ஈவென்ட் வைத்துவிட்டார், எல்லாம் பலகையிலிருந்து சமிக்ஞை வந்து சேரும் இடத்தில். மெஹ்ராஜ் வந்து திரையைப் பார்த்தாள்.

"ஒன்பதும் ஜெபஸ்டின் வீட்டு வாசல்லயே நிக்குதுங்களே சார்."

"தப்பு அங்கிருந்துதானுங்களே வருது?"

"நடுவுல ஒன்னுமே இல்லீங்களே."

"அது நான் எழுதின புரோகிராமுங்க. ஏழு தடவை படிச்சாச்சு."

அவள் கையில் மிச்சமிருந்த சாக்பீஸ் துண்டை அவருடைய கீபோர்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அவருக்குச் சுருக்கென்றது. இருபது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திய மனுஷன். மிதித்தேன் என்று சாதித்த பதினொன்றாவது படி நினைவுக்கு வந்தது. அப்புறம், வேண்டாவெறுப்பாகத்தான், தன் நிரலின் நடுவே இரண்டு ஈவென்ட் வைத்தார். சமிக்ஞைகளைப் படிக்கும் இடத்தில் ஒன்று, படித்து முடித்தவற்றை அழிக்கும் இடத்தில் ஒன்று. எத்தனை படித்தது, எத்தனை அழித்தது, அவ்வளவுதான்.

பம்ப்பை ஓடவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு மோட்டார் நின்றது.

தடங்களை எடுத்துப் படித்தார். ஒன்பது ஈவென்டும் பலகையைக் குறை சொல்லவில்லை. அனுப்ப வேண்டியதை அது அனுப்பியிருந்தது, நேரத்துக்கு அனுப்பியிருந்தது. கடைசி இரண்டுக்கு வந்தார்.

படித்தது ஒன்று. அழித்தது இரண்டு.

ஒரு சமிக்ஞையைப் படித்து, அதை அழிப்பதற்குள் இருந்த நூலிழை நேரத்தில் இன்னொன்று வந்திருக்கிறது. அவருடைய நிரல் அதைப் பார்க்காமலேயே, இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டது; அந்த இரண்டாவது சமிக்ஞை கிடைக்காமல்தான் மோட்டார் நின்றிருக்கிறது. வரிகள் அச்சான நாட்களில் அந்தத் தாமதத்திலேயே இரண்டாவதும் வந்து சேர்ந்து, இரண்டும் ஒன்றாகப் படிக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அந்த மூன்று நாளும் பம்ப் அவ்வளவு ஒழுங்காக ஓடியது.

நிரலைத் திருத்த ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஜெபஸ்டினுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை அப்படிச் சொன்னதற்கு அப்போது இருந்த சான்றுகள், ஏழு முறை படித்த விவரம், இந்த மாதிரித் தப்பு எவ்வளவு அனுபவசாலிகளுக்கும் நேரக்கூடியது என்பது, கடைசியில் வருத்தம். நாலு பத்தி வந்தது. கொண்டுபோய் மெஹ்ராஜிடம் காட்டினார்.

அவள் முழுவதும் படித்தாள்.

"எழுத எவ்வளவு நேரம் ஆச்சுங்க சார்?"

"அரை மணி நேரம் ஆயிருக்குமுங்க."

"ஜெபஸ்டின் எங்க இருக்காரு?"

"கீழதானுங்க." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இந்த அரை மணி நேரமும் அவன் அங்கேதான் இருந்திருக்கிறான், ஒன்றும் தெரியாமல்.

"ஏன் அப்படி ஆச்சுன்னு காரணம் சொல்ல வேண்டாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சாக்பீஸ் காரணம் சொல்லுச்சுங்களா சார்?"

திருமலைசாமி லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிக்கட்டிலேயே இறங்கினார்.

முதல் மாடியில் ஜெபஸ்டின் தன் அளவுகருவியின் வயர்களைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். மேஜையில் அவனுடைய டீ கப்பு ஏற்கெனவே காகிதத்தில் சுற்றப்பட்டிருந்தது.

"உங்க போர்டு சரியா இருக்குதுங்க," என்றார் திருமலைசாமி. "நான் படிச்சது ஒன்னு, அழிச்சது ரெண்டு. தப்பு என்னோடது. நாலு மணிக்கு அங்கயும் இதைத்தான் சொல்லப்போறேன்."

ஜெபஸ்டின் வயரைக் கையில் பிடித்தபடியே நின்றான். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"சார், அந்த இடத்துல முதல்லயே பார்த்திருக்கலாமே? ஏன் சார் பார்க்கல?"

நல்ல காரணங்கள் மூன்று திருமலைசாமியின் நாக்கு நுனி வரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, "பார்க்கலீங்க, தப்புத்தான்," என்றார்.

ஜெபஸ்டின் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினான்.