வெள்ளையடித்த புகைபோக்கி

குன்னூர் மலைச்சரிவில் முன்பொரு சமயம் ஒரு கணப்பு நெருப்பு வாழ்ந்து வந்தது. மரக்கூரை வீடு, வெளியே எலும்பை நடுக்கும் பனி. வீட்டுக்காரர் தனிஸ்லாசும் மனைவி பிலோமியும் தங்கள் கைக்குழந்தையின் தொட்டிலைக் கணப்பருகில்தான் கட்டியிருந்தார்கள். நெருப்புக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

"என்னால்தான் இந்தப் பிள்ளை குளிர் தெரியாமல் தூங்குகிறது" என்று தினமும் சொல்லிக்கொள்ளும்.

"சரி, நீ அனுப்பும் புகை எங்கே போகிறது தெரியுமா?" என்று கேட்டது புகைபோக்கி.

"வானத்துக்கு."

"பாதிதான் வானத்துக்கு. மீதி என் தொண்டையில் கரியாக ஒட்டியிருக்கிறது. ஒரு பொறி மேலே வந்தால் போதும், பற்றிக்கொள்ளும். கூரையும் போகும், பிள்ளையும் போகும்."

நெருப்பு சடசடவென்று சிரித்தது. "கரியா? அது நான் தின்று துப்பிய சக்கை. செத்தது எங்கேயாவது எழுந்து வருமா?"

மேலே கரி ஒட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு அவசரமே கிடையாது.

தனிஸ்லாஸ் ஒன்றும் புகைபோக்கியை மறந்தவர் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஏணி போட்டு ஏறி, அதன் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார். உச்சியில் நட்சத்திரம் கட்டுவார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் மனிதர், பாவம். கரி அதிகம் படியவைக்கும் ஈரமான யூகலிப்டஸ் விறகையே எரித்துக்கொண்டு, உள்ளே ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அந்த டிசம்பரிலும் சுண்ணாம்பு வாளியோடு வந்தார். புகைபோக்கிக்குப் பொறுக்கவில்லை. மேலே போகவேண்டிய புகையை அப்படியே அறைக்குள் திருப்பிவிட்டது.

குழந்தை இருமியது. பிலோமி அதை வாரிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"விறகு ஈரம், பிலோமி. வேற ஒண்ணுமில்ல" என்றார் தனிஸ்லாஸ்.

"விறகு மேல பழி போடாதீங்க. தொண்டை அடைச்சவனுக்கு மூஞ்சில பவுடர் பூசினா மூச்சு வந்துருமா? முதல்ல உள்ள பாருங்க!"

கணப்பை அவித்து, ஆறவிட்டு, மூங்கில் கழியில் கம்பி பிரஷைக் கட்டி மேலிருந்து இறக்கினார். கரி பாளம் பாளமாக விழுந்தது. தார் போலப் பளபளத்தது. அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்குத் தள்ளி, பாறைமேல் கொண்டுபோய்க் குவித்தார்.

"இவ்வளவுமா நம்ம பாப்பா தலைக்கு மேல இருந்துச்சு?" பிலோமி குழந்தையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் கணப்பை மறுபடி மூட்டினார்கள். புகை நேராக மேலே போனது. குப்பையையும் எரித்துவிடலாம் என்று தனிஸ்லாஸ் கணப்பிலிருந்து ஒரு கங்கு எடுத்துப்போய்க் கரிக்குவியலில் போட்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குவியல் உறுமியது. அடுத்த நொடி கூரையைவிட உயரமாக எழுந்து நின்றது. மலைச்சரிவு முழுவதும் வெளிச்சம். தனிஸ்லாஸ் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். பிலோமி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

திறந்த கதவு வழியே கணப்பு நெருப்பும் அதைப் பார்த்தது. தன் வாழ்நாளில் அது இப்படி ஒன்றைக் கண்டதில்லை. விறகோடு விறகாக ஒடுங்கிக்கொண்டு கேட்டது.

"அம்மாடி! யார் அது?"

"நீதான்" என்றது புகைபோக்கி.