கொடிக்காலுக்குள் வந்த பூசணம்

அந்தக் காலத்தில் செடிகொடி, பூச்சி புழு எல்லாம் வாய்விட்டுப் பேசும். பூசணமும் பேசும். அப்போது அது குட்டைத் தண்ணீரில் நீந்திக்கொண்டு, விழுந்த சருகைத் தின்று கிடந்தது. உயிருள்ள வேரின் ருசி அதற்குத் தெரியாது.

குட்டைக்குப் பக்கத்தில் அங்காயிக்கும் அவள் ஓரகத்தி பாவாயிக்கும் அடுத்தடுத்து வெற்றிலைக் கொடிக்கால். மேட்டில் இருந்தது இளையவள் பாவாயியுடையது, பள்ளத்தில் இருந்தது மூத்தவள் அங்காயியுடையது. பாவாயி கொடியில் ஒவ்வொரு வெற்றிலையும் உள்ளங்கை அகலம். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சனம் அங்காயியைத் தாண்டி அவளிடம்தான் போகும். அடேயப்பா, அங்காயிக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் உலையே கொதித்திருக்கும்!

ஒரு நாள் அவளுடைய கூடப்பிறந்த அண்ணனே மகள் கல்யாணத்துக்குப் பாவாயியிடம் வெற்றிலை வாங்கிப் போனான். அங்காயிக்குத் தாங்கவில்லை. குட்டைக்கரையில் நின்று, "அவ கொடி அழிஞ்சு போகாதா!" என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

"என்னை அங்க கொண்டுபோய் விடு" என்றது பூசணம். "எனக்கு நீந்தத்தான் தெரியும், நடக்கத் தெரியாது. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அங்காயி மறுயோசனை செய்யவில்லை. குட்டைச் சேற்றில் முழங்கால் வரை இறங்கினாள். அதே காலோடு பாவாயி கொடிக்காலுக்குள் போய் வரிசை வரிசையாக மிதித்தாள்.

பாவாயி ஓடி வந்தாள். "வாங்கக்கா! நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன். உங்க கொடி வாடுதே, பாக்கச் சகிக்கல. இன்னைக்கு என் முறைத் தண்ணியை உங்களுக்கே விடுறேன்" என்று சொல்லிக்கொண்டே மடையை வெட்டினாள்.

தண்ணீரோடு பூசணமும் தன் கொடிக்காலுக்கு வருமே என்று அங்காயிக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் வேண்டாம் என்று கேட்பாளே! போயும் போயும் இவளிடமா தலைகுனிவது? வாயைத் திறக்காமல் நின்றாள். தண்ணீர் பாவாயி கொடிக்காலை நனைத்து, பூசணத்தையும் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கியது.

எட்டாம் நாள் இரண்டு கொடிக்காலிலும் வேர் கறுத்து அழுகி, கொடி துவண்டு தொங்கியது. ஓர் இலை மிஞ்சவில்லை.

"ஐயோ, நான் விட்ட தண்ணியாலதானே உங்களுதும் போச்சு! என்னை மன்னிச்சிடுங்கக்கா" என்று அழுதுகொண்டே பாவாயி அவள் காலில் விழப் போனாள்.

"அந்தக் காலைத் தொடாதடி!" என்று அங்காயி அலறிப் பின்வாங்கினாள்.

அன்று முதல்தான் தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் பூசணம் வேரைத் தேடி வருகிறது. கொடிக்காலுக்குள் நுழைகிறவர், வீட்டுக்கு மூத்தவளே ஆனாலும், காலைக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.