கற்றாழைப் பாத்திக்குள் மூன்று பேர்

அங்கமுத்து மேஸ்திரியின் மாமனார் வீட்டு விருந்துகளில், நிரந்தர வேலையில் இருக்கும் மாப்பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. நகராட்சிப் பூங்காவில் தற்காலிகமாக மண்வெட்டி பிடிக்கும் அங்கமுத்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாம்பாருக்குள் காயைத் தேடுவார். மனுஷனுக்கு அது ஆறாத வயிற்றெரிச்சல்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தது. கமிஷனரம்மா ஒரு வண்டி நிறைய ஆனைக்கற்றாழைக் கன்றுகளை இறக்கினார். சாம்பல் பூத்தது, மஞ்சள் கரை போட்டது, வரி வரியாக ஓடியது என்று வகை வகையாக இருந்தன. எதை எடுத்தாலும் நுனியில் கோணி ஊசி மாதிரி முள்.

“இந்த வட்டப் பாத்தியில வெளி ஓரத்துலேருந்து நெருக்கி நட்டுட்டு வாங்க. மத்தியானம் சேர்மன் வர்றார். பாத்தியில சொட்டுத் தண்ணி விழக்கூடாது, அழுகிடும். ஒருத்தருக்கும் முள் குத்தக்கூடாது. ஒழுங்கா முடிச்சா மூணு பேருக்கும் வேலை நிரந்தரம். குத்துச்சோ, மூணு பேரும் வீட்டுக்கு!”

மூணு பேர் என்றால் அங்கமுத்துவும், அவருடைய கூட்டாளிகள் சீனிச்சாமியும் பவுன்ராசுவும். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை. அன்றைக்கு அதை யார் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்களோ!

கன்றுகளை எல்லாம் நடுவில் குவித்துக்கொண்டார்கள். ஓரத்தில் ஒரு வட்டம் நட்டார்கள். அதற்குள் ஒரு வட்டம், அதற்கும் உள்ளே ஒரு வட்டம். கடைசிக் கன்றை நட்டு நிமிர்ந்தால், நட்டநடுவில் தோளோடு தோள் இடிக்க மூவரும் நிற்கிறார்கள். சுற்றிலும் முள்.

“மேஸ்திரி, தாண்டிடலாமா?” என்றான் சீனிச்சாமி.

“தாண்டினா குத்தும். குத்தினா வேலை போச்சு.”

“நாலு செடியைப் பிடுங்கிட்டா?”

“நடத்தானேடா சொன்னாங்க? பிடுங்க உத்தரவு இருக்கா?”

“முள்ளை வெட்டிடலாம்,” என்றான் பவுன்ராசு. “ஆனா அரிவாளை வெளியில வச்சுட்டேன். கையில பட்டுடக்கூடாது பாருங்க.”

“நல்ல காரியம் பண்ணினே,” என்று மெச்சினார் மேஸ்திரி.

வெயில் ஏறியது. அங்கமுத்துவின் மூக்கு நுனியில் வியர்வை திரண்டது. “ஐயையோ, துடைங்கடா! சொட்டுத் தண்ணி விழக்கூடாது!”

சேர்மனும் கமிஷனரம்மாவும் வந்தபோது மூவரும் ஒருவர் மூக்கை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரும்மா இவங்க? சிலை வைக்கறதா நீங்க சொல்லவே இல்லையே?” என்றார் சேர்மன்.

கமிஷனரம்மாவுக்கு முகம் சிவந்தது. “என்னய்யா இது கூத்து? வெளியே வாங்க!”

“ஒருத்தருக்கும் குத்தலைம்மா!” என்று நெஞ்சை நிமிர்த்தினார் அங்கமுத்து. “இந்தச் செடி ஒரு தடவை பூத்துட்டா பட்டுப்போயிடுமாமே? பட்டதும் வந்துடறோம்.”

“அது பூக்கப் பத்து வருஷம் ஆகும்யா!”

அங்கமுத்துவின் முகம் மலர்ந்துபோயிற்று. “கேட்டீங்களாடா? பத்து வருஷம் நம்மளை எவனும் இங்கேருந்து அனுப்ப முடியாது. வேலை நிரந்தரம்!”

பவுன்ராசு கையெடுத்துக் கும்பிட்டான். சீனிச்சாமிக்கு மட்டும் ஒரு கவலை. “அதெல்லாம் சரி மேஸ்திரி, ஞாயித்துக்கிழமை லீவுக்கு எப்படி வெளிய போறது?”

அங்கமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. “லீவு நாள்ல உன்னை யாருடா இங்க வரச் சொன்னது? பேசாம வீட்டுலயே இரு!”